பொங்குது, ஆனா போகலை

மூன்று வாரமாக போனைத் திறந்தால் கம்மோடுதான். யாரோ ஒரு கை பாக்கெட்டைக் கிழிக்கிறது, வெள்ளைப் பவுடரைக் கொட்டுகிறது, அடுத்த நொடி நுரை பொங்கி விளிம்பு வரைக்கும் வருகிறது. ஃப்ளஷ் அடித்தால் பழுப்பேறிய பீங்கான் பால் நிறத்துக்கு வந்துவிடுகிறது. கீழே எழுத்து ஓடுகிறது: தேய்க்க வேண்டாம். கை பட வேண்டாம். ஆசிட் இல்லை.

நானும் தள்ளித் தள்ளித்தான் விட்டேன். ஒருநாள் மாமியார் என் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, "காப்பித்தூளைத் தடவி வச்சிருக்கான் மாதிரியில்ல இருக்கு" என்றார். அன்றைக்கு ராத்திரியே ஆர்டர் போட்டேன். கால் கிலோ 349 ரூபாய். அத்தை சொன்னது சரியா என்று பார்க்கத்தான் வாங்கினேன் என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன்.

எங்கள் வீடு மேடவாக்கம் பக்கம். போர் தண்ணீர், கோடையில் லாரித் தண்ணீர். ஆர்.ஓ. மாட்ட வந்த தம்பி மீட்டரை முக்கிப் பார்த்துவிட்டு 1,450 என்றார். குடிக்கிற தண்ணீரில் கரைந்த உப்புக்கள் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு வழியே இல்லையென்றால் 2,000 வரை போகலாம் என்பது இந்தியத் தர நிர்ணயக் கணக்கு. அந்தத் தண்ணீர்தான் பத்து வருடமாக எங்கள் ஃப்ளஷ் டேங்கிலிருந்து இறங்கிக்கொண்டிருக்கிறது. கம்மோடில் தண்ணீர் நிற்கிற மட்டத்தில் ஒரு வளையம். மேலே வெள்ளை, கீழே போகப் போக மஞ்சள், அப்புறம் துருப்பிடித்த பழுப்பு. நகத்தால் கீறினால் நகம்தான் தேயும். (கீறிப் பார்த்தேன், ஆமாம். கையைக் கழுவிக்கொண்டேன்.)

முதல் பரிசோதனை படு தோல்வி. பவுடரைப் போட்டேன். அது பாட்டுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. சோடா பாட்டிலைத் திறந்து வைத்த மாதிரி நாலு குமிழ் வந்தது, அவ்வளவுதான். கதவுக்கு வெளியே ஆவலாக நின்ற என் பையன், "அம்மா, பொங்கலோ பொங்கல் சொல்லலாமா வேணாமா?" என்றான். பாக்கெட்டின் பின்பக்கம் எறும்பு எழுத்தில் ஒரு வரி இருந்தது: 40 டிகிரிக்கு மேல் சூடான நீர் பயன்படுத்தவும்.

கீசரைப் போட்டு ஒரு வாளி பிடித்து மறுபடி முயன்றேன். இப்போது பொங்கியது. சும்மா சொல்லக்கூடாது, பார்க்க அழகுதான். அடுப்பில் பால் எழும்புகிற மாதிரி மெதுவாக எழுந்து, விளிம்பைத் தொட்டு, சீட்டுக்கு மேலே வந்து, ஒரு பக்கமாக வழிந்து தரைக்கு வந்தது. பையன் கத்திய கத்தலில் கீழ்வீட்டு அக்கா என்னவோ ஏதோவென்று படியேறி வந்துவிட்டார். அவருக்கும் காட்டினேன். மூன்று பெண்கள், ஒரு பையன், ஒரு கம்மோடு. முப்பது நிமிஷம் ஊறவிடச் சொல்லியிருந்தது. முக்கால் மணி நேரமே விட்டேன்.

ஃப்ளஷ் அடித்தேன். வளையம் அப்படியே இருந்தது.

பொய் சொல்லக் கூடாது, சில இடங்களில் வேலை செய்திருந்தது. பக்கச் சுவரில் இருந்த வழுவழுப்பு போயிருந்தது. சிறுநீர் வாடை சுத்தமாக இல்லை. சீட்டின் அடியில் இருந்த மஞ்சள் கறை, நுரை வழிந்த பக்கம் மட்டும் வெளுத்திருந்தது. ஆனால் முகப்பவுடர் டப்பாக் கண்ணாடியை விளிம்புக்குக் கீழே பிடித்துப் பார்த்தேன். தண்ணீர் இறங்குகிற ஓட்டைகள் இருக்குமே, அங்கே. பாதி ஓட்டைகள் கல் கட்டி அடைந்து கிடந்தன. நுரை அவற்றைத் தொட்டுவிட்டுத்தான் போயிருக்கிறது. ஒன்றும் ஆகவில்லை. உங்கள் வீட்டு ஃப்ளஷ் வலுவில்லாமல் இறங்கினால் ஒரு தடவை கண்ணாடி வைத்துப் பாருங்கள். பிளம்பரைக் கூப்பிடுவதெல்லாம் அப்புறம்.

நான் பி.எஸ்சி. வேதியியல். இருபது வருடமாகப் பார்ப்பது பாங்கு வேலை. படித்ததெல்லாம் மறந்து போச்சு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கோபம் வந்தால் ஞாபகம் வருகிறது போலிருக்கிறது. பாக்கெட்டில் போட்டிருந்த பொருட்கள் நாலே நாலு. சோடியம் பெர்கார்பனேட், சோடியம் கார்பனேட், நுரை வருவதற்கான சோப்புச் சரக்கு, வாசனை. இரண்டாவதற்கு நம் ஊர்ப் பெயர் சலவை சோடா. முதலாவது, சலவை சோடாவோடு ஹைட்ரஜன் பெராக்சைடு சேர்ந்த கூட்டு. வெந்நீரில் போட்டால் பெராக்சைடு வெளியே வந்து உடைந்து ஆக்சிஜன் ஆகும், அந்த ஆக்சிஜனை சோப்பு பிடித்து நுரையாக்கும். அழுக்கோ துருவோ பட்டால் இன்னும் வேகமாக உடையும். ஆகவே நுரை பொய் இல்லை. நுரை எதைத் தின்னும் என்பதில்தான் விஷயம்.

லிட்மஸ் தாளுக்கு எங்கே போவது? மஞ்சள்தூளைக் குழைத்து ஒரு வெள்ளைத்தாளில் தடவிக் காயவைத்தேன். அதன்மேல் பவுடர் கரைசலை ஒரு சொட்டு விட்டதும் ரத்தச் சிவப்பு. ஆரத்தி எடுக்கும்போது மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பைப் போட்டதும் சிவக்குமே, அதே சிவப்பு. சுண்ணாம்பும் காரம், இந்தப் பவுடரும் காரம். எங்கள் கம்மோடில் படிந்திருப்பது என்ன? உப்புத் தண்ணீர் காயும்போது கல்லாக இறங்குகிற கால்சியம் கார்பனேட். கொஞ்சம் இரும்புத் துரு, சிறுநீரிலிருந்து இறங்கிய உப்பு, எல்லாம் சேர்ந்து இறுகியது. காரத்தைக் கொட்டினால் அது அசையுமா? அதற்கு வேண்டியது அமிலம். பாக்கெட்டில் பச்சை எழுத்தில் பெருமையாக 'ஆசிட் இல்லை' என்று போட்டிருக்கிறார்களே, அந்த வரிதான் பவுடர் தோற்றதற்குக் காரணம்.

அப்படியும் மனசு கேட்கவில்லை. முட்டை ஓடும் கிட்டத்தட்ட முழுக்க கால்சியம் கார்பனேட்தான். இரண்டு டம்ளர் எடுத்தேன். ஒன்றில் பவுடர் கரைசல், இன்னொன்றில் எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் ஆசிட், வெதுவெதுப்பான நீரில் கரைத்தது. இரண்டிலும் ஒவ்வொரு துண்டு ஓடு. காலையில் பவுடர் டம்ளரில் ஓடு முன்னைவிட வெள்ளையாக, டக்டக்கென்று தட்டினால் சத்தம் வருகிற மாதிரி கெட்டியாக இருந்தது. எலுமிச்சை உப்பில் கிடந்தது தொட்டால் வளைந்தது. டம்ளர்களைப் பார்த்துவிட்டு அத்தை, "இது ரெண்டையும் இனி சமையக்கட்டுக்குள்ள கொண்டு வராத" என்று சொன்னதோடு பரிசோதனைக் கூடம் மூடப்பட்டது.

அன்றைக்கு ராத்திரி ஒரு வாளித் தண்ணீரை வேகமாக ஊற்றி, கம்மோடில் நிற்கிற தண்ணீரை எவ்வளவு கீழே இறக்க முடியுமோ இறக்கினேன். நூறு கிராம் எலுமிச்சை உப்பை வெந்நீரில் கரைத்து (கொதிக்கிற நீர் வேண்டாம், பீங்கான் விரிசல் விடும்) டிஷ்யூ பேப்பரை அதில் நனைத்து வளையத்தின் மேல் சுற்றிலும் ஒட்டினேன். காய்ச்சல்காரன் நெற்றியில் துணி போடுவது போல. மீதியை விளிம்பு ஓட்டைகளில் விட்டேன். காலையில் பிரஷ்ஷை வைத்துத் தேய்த்ததும் அப்பளம் நொறுங்குவது மாதிரி செதில் செதிலாக வந்தது. முழுசாகப் போகவில்லை. மூன்று ராத்திரி ஆனது. செலவு 120 ரூபாய்.

இங்கே வந்து, "சமையல் சோடாவும் எலுமிச்சை உப்பும் சேர்த்துப் போட்டால் வீட்டிலேயே நுரை பவுடர் ரெடி" என்று யாரும் வீடியோ லிங்க் போட வேண்டாம். பொங்கும், தெரியும். பத்து கிராம் சோடாவிலிருந்து ஏறக்குறைய மூன்று லிட்டர் கரியமில வாயு கிளம்பும், பொங்காமல் என்ன செய்யும்? ஆனால் நாலு பங்கு சோடா மூன்று பங்கு எலுமிச்சை உப்பை முழுசாக முறித்துப் போடும். கல்லைக் கரைக்க வேண்டிய அமிலம் சோடாவோடு சண்டை போட்டே தீர்ந்துவிடும். மிஞ்சுவது கொஞ்சம் உப்புத் தண்ணீர். நம் வீட்டில் உப்புத் தண்ணீருக்கா பஞ்சம்?

ஆசிட் பக்கமும் நான் இல்லை. டாய்லெட்டுக்கென்று கடைகளில் விற்கிற திரவங்கள் பலவற்றில் சுமார் 10 சதவீதம் ஹைட்ரோகுளோரிக் அமிலம்தான் வேலை பார்க்கிறது. கறை போகும், மறுக்கவில்லை. டைல்ஸ் இடுக்கில் இருக்கிற சிமெண்டும் கூடவே போகும், குழாயின் பளபளப்பும் போகும். இதைவிடக் காட்டமானதை சைக்கிளில் 'ஆசிட், பினாயில்' என்று கூவிக்கொண்டு வந்து பழைய குளிர்பான பாட்டிலில் ஊற்றிக் கொடுப்பார்கள், ஞாபகம் இருக்கிறதா? 2013-ல் உச்ச நீதிமன்றம் ஆசிட் சில்லறை விற்பனைக்குக் கட்டுப்பாடு போட்டதெல்லாம் அந்த சைக்கிளுக்கு யாரும் சொல்லவில்லை. அதற்கப்புறமும் எங்கள் தெருவுக்கு வந்துகொண்டுதான் இருந்தது.

2020 ஊரடங்கில் நானே ஒரு காரியம் செய்தேன். கிருமி பயத்தில் பிளீச்சிங் பவுடரைத் தூவி, அது போதாது என்று அதன் மேலேயே ஆசிட் கிளீனரை விட்டேன். பச்சை மஞ்சளாக ஒரு நெடி கிளம்பி மூக்கில் ஏறியது. மூச்சை இழுக்க முடியவில்லை. கதவைத் திறந்து வெளியே வந்து அரைமணி நேரம் இருமினேன். குளோரின். 1915-ல், முதல் உலகப் போரில், ஈப்ரே போர்முனையில் படைவீரர்கள் மேல் திறந்துவிட்ட அதே வாயு. நான் இரண்டடிக்கு நாலடி பாத்ரூமில் திறந்துவிட்டேன். வேதியியல் பட்டதாரி! தயவுசெய்து இந்த இரண்டையும் சேர்க்காதீர்கள். வேலைக்கு வருகிறவர்களிடமும் எடுத்துச் சொல்லுங்கள். இரண்டு பாட்டிலையும் அவர்கள் கையில் கொடுத்துவிட்டு நாம் ஹாலில் உட்கார்ந்திருக்கிறோம்.

எனக்கு அந்த விளம்பரத்தில் உறுத்துவது நுரை இல்லை. 'கை பட வேண்டாம்' என்கிற வரி. யார் கை? என் பாட்டி வீட்டில் பின்கட்டுக்கு அப்பால் எடுப்புக் கக்கூஸ் இருந்தது. காலையில் ஒரு அம்மா பின்சந்து வழியாக வருவார். அவர் பெயர் எங்கள் யாருக்கும் தெரியாது. முன்வாசல் வழியாக அவர் வந்ததே இல்லை. மனிதர் கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் சட்டம் 1993-ல் வந்தது, 2013-ல் இன்னொன்று வந்தது. இன்றைக்கும் எங்கள் அபார்ட்மென்டில் பாத்திரம் தேய்க்க ஒருவர், பாத்ரூம் கழுவ வேறொருவர். பாத்திரக்காரரிடம் பாத்ரூமைக் கேட்டால் முறைக்கிறார். பாத்ரூம்காரருக்குத் தனி டம்ளர் வைக்கிற வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். நம் வீட்டுக் கழிப்பறையை நாம் தொடுவது கேவலம் என்பது எங்கிருந்து வந்ததோ, அந்த இடத்தில்தான் இந்தப் பவுடருக்கு 349 ரூபாய் கிடைக்கிறது. இத்தனைக்கும் எங்கள் வளையத்தில் மலம் துளிகூட இல்லை. முக்கால்வாசி கல். ஆர்.ஓ. மெஷினிலும் கீசர் ராடிலும் படிகிற அதே கல். ராடில் படிந்தால் 'உப்புத் தண்ணி' என்கிறோம், கம்மோடில் படிந்தால் 'அசிங்கம்' என்கிறோம்.

ஊரடங்குக்கு அப்புறம் எங்கள் வீட்டில் முறை வைத்துக்கொண்டோம். ஒரு ஞாயிறு நான், ஒரு ஞாயிறு அவர். ஆரம்பத்தில் அவர் மூக்கில் கர்ச்சீப் கட்டிக்கொண்டு போருக்குப் போகிற மாதிரி போவார். இப்போது பாட்டுப் போட்டுக்கொண்டு போகிறார். நான் கண்டுகொண்டது இவ்வளவுதான்: வாரம் ஒரு தடவை பத்து நிமிஷம் பிரஷ், மாசம் ஒரு ராத்திரி எலுமிச்சை உப்பு. கல் இறுகுவதற்கு நாள் கொடுக்காவிட்டால் எந்தப் பவுடரும் தேவைப்படாது. இரும்புப் பஞ்சு, உப்புத்தாள் மட்டும் போட்டுவிடாதீர்கள். பீங்கானின் பளபளப்பு கீறிப்போனால் அடுத்த கறை அந்தக் கீறலுக்குள் போய் உட்காரும்.

மீந்த பவுடரை என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். கொஞ்சத்தைக் கரைத்து பெட் பாட்டிலில் மூடி வைத்தது என் முட்டாள்தனம். ஆக்சிஜன் கிளம்பி பாட்டில் கால்பந்து மாதிரி உப்பிவிட்டது. நல்லவேளை, வெடிப்பதற்குள் பார்த்தேன். கரைத்தால் அப்போதே தீர்த்துவிட வேண்டும். அப்புறம்தான் தோன்றியது, இது அடிப்படையில் வெள்ளைத் துணிக்குப் போடுகிற சரக்குத்தானே. பையனின் பள்ளிக்கூடச் சட்டைக் காலரை வெந்நீரில் ஊறப்போட்டேன். வருடக் கணக்கான அழுக்கு அரைமணியில் போய்விட்டது. டீ வடிகட்டி, பாத்ரூம் மக்கின் உள்பக்க வழுவழுப்பு, அத்தையின் வெள்ளைப் புடவை எல்லாவற்றுக்கும் அருமை.

போன ஞாயிறு அவர் முறை. உள்ளேயிருந்து குரல் வந்தது, "அந்த நுரை பவுடர் எங்கம்மா?"

அத்தை துணி மடித்துக்கொண்டே சொன்னார்: "அது என் புடவைக்கு. உனக்கு எலுமிச்சை உப்பு ஜன்னல் மேல இருக்கு, எடுத்துக்க."