நோட்டாமில் "யூ/எஸ்" என்று போட்டுவிட்டால் வேலை முடிந்ததா?

விமானி புறப்படும் முன் படிக்க வேண்டிய அறிவிப்புக் கட்டுக்குப் பெயர் நோட்டாம். அதில் இப்படி ஒரு வரி அடிக்கடி வரும்: "ஓடுபாதை 24 ஐஎல்எஸ் ஜிபி யூ/எஸ்." யூ/எஸ் என்றால் வேலை செய்யவில்லை என்று பொருள். பக்கத்தில் பத்து இலக்கத்தில் தொடக்க நேரம், பத்து இலக்கத்தில் முடிவு நேரம். அவ்வளவுதான். எந்தப் பெட்டியை அணைத்தார்கள் என்று தெரிகிறது. அதனால் விமானி எதை இழந்தார், கையில் என்ன மிச்சம் என்று ஒரு சொல்கூட இல்லை. எனக்கு இருக்கும் கோபமெல்லாம் இதன் மேல்தான்.

ஐஎல்எஸ், அதாவது ரேடியோ சிக்னலால் விமானத்தை ஓடுபாதைக்கு வழிகாட்டி இறக்கும் ஏற்பாடு, ஒரே கருவி அல்ல. ஓடுபாதையின் நடுக்கோட்டைக் காட்டுவது லோக்கலைசர். 3 டிகிரி சரிவைக் காட்டுவது கிளைடு பாத், அதாவது ஜிபி. ஜிபி நின்றால் லோக்கலைசரை மட்டும் வைத்து இறங்கலாம். ஆனால் வழக்கமாக 200 அடி வரை வரக்கூடிய இடத்தில் இப்போது அதைவிட நன்றாக உயரத்திலேயே நின்று ஓடுபாதை தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். தேவையான பார்வைத் தூரமும் கூடும். எந்தத் தூரத்தில் எந்த உயரம் என்பதை, தூரம் சொல்லும் டிஎம்இ கருவியைப் பார்த்துப் படிப்படியாக இறங்க வேண்டும். அந்த டிஎம்இயும் நின்றிருந்தால்? அது வேறொரு நோட்டாம், நான்கு பக்கம் தள்ளி இருக்கும். ஐஎல்எஸ் நன்றாக இருந்து, இறங்க முடியாமல் மேலெழும்பினால் போய்ச் சுற்ற வேண்டிய விஓஆர் என்ற திசைகாட்டும் ரேடியோ நிலையம் மட்டும் நின்றிருந்தால் அது இன்னொன்று. இவற்றையெல்லாம் கோத்துப் பார்ப்பது, எரிபொருள் கணக்குக்கு முந்தைய அரைமணி நேரத்தில், விமானியின் தலையில்.

1997 ஆகஸ்ட் 6, குவாம். சியோலிலிருந்து வந்த கொரியன் ஏர் 801. கிளைடு பாத் நிறுத்தப்பட்டிருந்தது, நோட்டாம் இருந்தது, கேப்டனும் படித்திருந்தார். கிளைடு ஸ்லோப் (கிளைடு பாத்தின் இன்னொரு பெயர்) இல்லை, குறைந்தபட்ச உயரம் 560 அடி என்று சக விமானிகளிடம் சொல்லியும் இருக்கிறார். ஆனால் கட்டுப்பாட்டு அறை கொடுத்த அனுமதி "ஐஎல்எஸ்" இறக்கத்துக்கு. "கிளைடு ஸ்லோப் பயன்படாது" என்பது அதற்குப் பின்னால் ஒரு ஒட்டு. கடைசி நிமிடங்களில் காக்பிட்டில் அது வேலை செய்கிறதா இல்லையா என்றே பேச்சு ஓடியது. மிச்சமிருந்த டிஎம்இ விமான நிலையத்திலும் இல்லை. ஓடுபாதைக்கு 3.3 நாட்டிகல் மைல் முன்னால், நிமிட்ஸ் குன்றின் மேல் விஓஆரோடு இருந்தது. தூரம் குறைந்து பூஜ்யமாகி மறுபடி கூடும். அதன் பிறகுதான் ஓடுபாதை. விமானம் அந்தக் குன்றில் மோதியது. இருந்த 254 பேரில் 228 பேர் இறந்துபோனார்கள். விசாரணை முதன்மையாகக் கேப்டனின் இறக்கத்தையும், மற்ற இருவரும் அவரைத் திருத்தாததையும் குறை சொன்னது. அது சரிதான். ஆனாலும், இல்லாததை அறிந்திருந்த ஒருவர் இருந்ததை வைத்து இறங்கத் தடுமாறியிருக்கிறார் என்பதை நான் கடந்துபோக மாட்டேன்.

இதைவிட நுட்பமானது 2000 ஜூலையில் சமோவாவின் ஃபலேயோலோவில் நடந்தது. ஏர் நியூசிலாந்து 60, போயிங் 767, இரவு நேரம். ஐஎல்எஸ் "கண்காணிப்பின்றி" இயங்குகிறது என்று நோட்டாம். தரையில் கேபிள் அறுந்ததால் கட்டுப்பாட்டு கோபுரத்துக்குக் கருவியின் நிலை தெரியவில்லை. கருவியோ பழுதானால் தானே அணையும் ஏற்பாடு விலக்கப்பட்ட நிலையில் விடப்பட்டிருந்தது. சரிவிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறோம் என்று சொல்லும் சிக்னல் பகுதி வெளியே வரவே இல்லை. அப்படியானால், சரிவுக்கு மேலே இருக்கிறோமா கீழே இருக்கிறோமா என்று அறிய விமானத்து ரிசீவர் ஒப்பிடும் 90, 150 ஹெர்ட்ஸ் சிக்னல்கள் இரண்டும் எங்கும் சமமாகவே தெரியும். காக்பிட்டில் சரிவைக் காட்டும் முள் நட்ட நடுவில் நிற்கும், எச்சரிக்கைக் கொடி வராது. மோர்ஸ் அடையாள ஒலியும் சரியாகவே கேட்கும், ஏனென்றால் அது லோக்கலைசரில் வருவது. கிளைடு பாத்துக்குத் தனி ஒலி கிடையாது.

3 டிகிரிச் சரிவில் 6 மைலில் ஏறக்குறைய 1,900 அடி இருக்க வேண்டும். முள் நடுவில் இருக்க, விமானம் அந்தத் தூரத்தில் 400 அடிக்கும் கீழே போய்விட்டது. விளக்குகளும் தூரமும் பொருந்தவில்லை என்று கண்டு விமானிகள் மேலெழுப்பியதால் எல்லோரும் பிழைத்தார்கள். "கண்காணிப்பின்றி" என்ற ஒரு சொல்லை வைத்து, சரிவு பொய்யாக இருக்கலாம், முள்ளும் கொடியும் அதைக் காட்டிக்கொடுக்காது என்று எந்த விமானி ஊகிப்பார்?

முடிவு நேரமும் ஒரு தொல்லை. எல்லாம் உலக நேரம். 18:30 என்று இருந்தால் நமக்கு அது மறுநாள் பிறக்கும் நள்ளிரவு 12 மணி, தேதியே மாறிவிடும். நேரத்துக்குப் பின்னால் "எஸ்ட்" என்று இருந்தால் அது உத்தேசம்தான். அந்த நேரம் வந்ததும் நோட்டாம் தானாகச் சாகாது; ரத்து செய்யவோ மாற்றி வெளியிடவோ வேண்டும். யாராவது மறந்தால் சரியான கருவி பழுதென்றே கிடக்கும். அப்படி நாலைந்து பார்த்த கண், உண்மையான ஒன்றையும் தாண்டிப்போகும். 2017-ல் சான் பிரான்சிஸ்கோவில் ஏர் கனடா விமானம் நான்கு விமானங்கள் காத்து நின்ற டாக்ஸிவேயை (விமானங்கள் ஊர்ந்து போகும் பாதையை) ஓடுபாதை என்று நினைத்து இறங்கப் பார்த்தது. பக்கத்து ஓடுபாதை மூடப்பட்ட செய்தி 27 பக்கக் கட்டில் 8-ஆம் பக்கத்தில் இருந்தது.

நோட்டாம் அலுவலகங்கள் சொல்லும் பதில் எனக்குத் தெரியும்: ஒவ்வொரு விமானத்திலும் வேறு வேறு கருவி, எப்படிப் பறப்பது என்று நாங்கள் சொல்ல முடியாது. பாதி ஒப்புக்கொள்கிறேன். ஜிபிஎஸ் வழி இறங்கக்கூடியவருக்கு ஜிபி நின்றது பெரிதல்ல. ஆனால் வெளியிடப்பட்ட வரைபடங்களில் எவை இன்று செல்லாது என்பது விமானத்தைப் பொறுத்ததல்ல, விமான நிலையத்தைப் பொறுத்தது. அதைச் சொல்ல மூன்று வரி போதும்: "ஓடுபாதை 24 ஐஎல்எஸ் இறக்கம் கிடையாது. லோக்கலைசர் இறக்கம் உண்டு. டிஎம்இ வேலை செய்கிறது, ஓடுபாதை முனையில் பூஜ்யம்." ஃபலேயோலோ போன்ற நிலைக்கு ஒரே வரி: "கிளைடு பாத் பொய் காட்டலாம், பயன்படுத்தாதீர்கள்." அதைவிட நல்லது, பழுதுபார்த்து முடிக்கும்வரை அந்தப் பெட்டியின் மின்சாரத்தையே நிறுத்திவிடுவது. அப்போதாவது காக்பிட்டில் கொடி விழும்.