முதலில் பின்தளத்தை வரையுங்கள்

கேரியர் எனப்படும் விமானம்தாங்கிக் கப்பலுக்குக் காவல் போகிற போர்க்கப்பல் ஒன்றை நீங்களே வரையலாம் என்று ஒரு வெள்ளைத் தாளைக் கையில் கொடுத்தால், பத்துக்கு ஒன்பது பேர் முன்பக்கத்திலிருந்துதான் ஆரம்பிப்பார்கள். முதலில் பீரங்கி, அப்புறம் ஏவுகணைக் குழாய்கள், அதற்கு மேலே பெரிய ரேடார். அக்கா மகன் கொண்டுவந்து காட்டிய படமும் அப்படித்தான். இங்கே காரைக்குடியில்தான் பொறியியல் படிக்கிறான், கணினியில் அழகாக வரைந்திருந்தான். செங்குத்து ஏவுகுழாய் மட்டும் 128. "அமெரிக்காவோட டிகோண்டரோகாவுலேயே 122தான் மாமா, நம்மளோடது ஆறு கூட" என்று பெருமை வேறு. பின்பக்கம் ஹெலிகாப்டர் இறங்க ஒரு சின்னத் தளம் இருந்தது, அதை உள்ளே நிறுத்திவைக்கும் கூடம், அதாவது ஹேங்கர், இல்லை. "எங்க மாப்ளே ஹேங்கர்?" என்றால், "ஹெலிகாப்டர்தான் கேரியர்லயே இருக்கே மாமா" என்கிறான்.

நான் கடற்படையில் இருந்தவன் இல்லை. பாலிடெக்னிக்கில் மெஷின் டிராயிங் சொல்லிக்கொடுத்தவன், கப்பல்களைப் பற்றிக் கையில் கிடைப்பதையெல்லாம் படிக்கிறவன், அவ்வளவுதான். ஆனாலும் இந்த விஷயத்தில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. நம் கடலில், நம் விமானம்தாங்கி விக்ராந்தோடு போகிற கப்பலைப் பின்பக்கத்திலிருந்துதான் வரைய வேண்டும். ஒலியை வைத்து நீர்மூழ்கியைத் தேடும் சோனார், அதிலும் கடலுக்குள் இழுத்துச் செல்லும் வகை, அதன் மேலே ஹெலிகாப்டர் தளம், அதற்கு முன்னால் பெரிய ஹேங்கர். இவை மூன்றுக்கும் இடம் ஒதுக்கியபின் மிச்சம் எவ்வளவு இருக்கிறதோ அதில் ஏவுகணை.

காக்கவேண்டிய கப்பலை முதலில் பார்த்துவிடுவோம். கொச்சியில் கட்டி 2022 செப்டம்பர் 2-ல் படையில் சேர்ந்த விக்ராந்த் 262 மீட்டர் நீளம், சுமார் 43,000 டன். உச்ச வேகம் 28 நாட், அதாவது மணிக்கு 52 கிலோமீட்டர். 7,500 கடல்மைல் போய்வரும். இதோடு சேர்ந்து ஓடுகிற கப்பலுக்கும் கிட்டத்தட்ட அதே தூரம் போகிற திறன் வேண்டும். நாலு நாளுக்கு ஒருமுறை எண்ணெய்க் கப்பலைத் தேடிப்போகிறவன் காவல்காரன் ஆகமாட்டான்.

இந்த மாதிரிக் கப்பலை மூழ்கடிக்கவே வேண்டியதில்லை, பயமுறுத்தினால் போதும். 1982 மே 2-ல் ஃபாக்லாந்து போரில் பிரிட்டனின் காங்கரர் நீர்மூழ்கி அர்ஜென்டினாவின் ஜெனரல் பெல்கிரானோ க்ரூசரை டார்பிடோ வீசி மூழ்கடித்தது. 323 பேர் இறந்தார்கள். வீசிய மார்க் 8 டார்பிடோ 1920களின் வடிவமைப்பு. பெல்கிரானோவோடு இரண்டு டெஸ்ட்ராயர்கள் காவலுக்குப் போய்க்கொண்டுதான் இருந்தன. அடுத்து நடந்ததுதான் நமக்கு முக்கியம். அர்ஜென்டினாவிடம் இருந்த ஒரே விமானம்தாங்கி, வெய்ன்டிசின்கோ தே மாயோ, துறைமுகத்துக்குத் திரும்பியது. போர் முடியும்வரை வெளியே வரவில்லை. அதன்மேல் ஒரு குண்டுகூட விழவில்லை. ஆனாலும் அந்தப் போரில் அது இல்லாத கப்பலாகவே ஆகிவிட்டது.

எதிர்ப்பக்கம் நடந்ததும் பெரிய வெட்கக்கேடு. அர்ஜென்டினாவின் சான் லூயிஸ் என்ற சின்ன டீசல் நீர்மூழ்கி பிரிட்டிஷ் படை இருந்த கடலுக்குள்ளேயே வாரக்கணக்கில் சுற்றியது. நீர்மூழ்கி வேட்டையில் உலகத்திலேயே கெட்டிக்காரர்கள் என்று பெயர் வாங்கிய பிரிட்டிஷ்காரர்கள் டார்பிடோவும் வெடிகளுமாகக் கொட்டித் தீர்த்தார்கள். அடி வாங்கியதில் திமிங்கலங்களும் உண்டு. சான் லூயிஸ் பத்திரமாக ஊர் போய்ச் சேர்ந்தது. அதன் டார்பிடோக்களும் குறிபார்க்கும் கருவியும் ஒழுங்காக வேலை செய்திருந்தால் கதையே வேறு.

அது நாற்பது வருஷத்துப் பழைய சங்கதி என்று தள்ளவும் முடியாது. 2005-ல் ஸ்வீடனின் காட்லேண்ட் நீர்மூழ்கி, பயிற்சியின்போது அமெரிக்காவின் ரொனால்ட் ரீகன் விமானம்தாங்கியை "மூழ்கடித்தது". 2006 அக்டோபரில் சீனாவின் சாங் வகை நீர்மூழ்கி ஒன்று கிட்டி ஹாக் கப்பலுக்கு டார்பிடோ எட்டும் தூரத்தில் மேலே வந்து எட்டிப்பார்த்தது. இரண்டுமே அணுசக்தி இல்லாத நீர்மூழ்கிகள். நம் பக்கத்தில், 1971 டிசம்பர் 9 இரவு தியூவுக்கு அப்பால் குக்ரி ஃப்ரிகேட்டை மூழ்கடித்தது பாகிஸ்தானின் ஹாங்கோர் நீர்மூழ்கி. 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் போனார்கள், கேப்டன் மஹேந்திரநாத் முல்லா கப்பலை விட்டு இறங்க மறுத்து அதோடே போனார். இப்போது பாகிஸ்தானுக்காகச் சீனா வடிவமைத்திருக்கும் எட்டு புதிய நீர்மூழ்கிகளுக்கு வைத்திருக்கும் பெயரும் அதே ஹாங்கோர்தான். அவர்கள் மறக்கவில்லை.

இதோடு நம் கடலின் குணத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். தண்ணீருக்குள் ஒலி நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் போகும், ஆனால் நேர்கோட்டில் போகாது. வேகம் குறைவான பக்கமாக வளையும். மேலே வெயில் பட்ட சூடான நீர், கீழே சட்டென்று குளிர்ந்த அடுக்கு. கப்பலின் அடியில் பொருத்திய சோனார் அனுப்பும் ஒலி அந்த இடத்தில் வளைந்து, பின்னால் ஒரு நிழல் பகுதியை விட்டுவிடும். நீர்மூழ்கிக்காரன் அதற்குள்தான் போய் உட்காருவான். வெயில் ஏற ஏற சோனாரின் எட்டும் தூரம் குறைவதை, பிற்பகலில் மட்டும் காது அடைத்துக்கொள்வதை, அமெரிக்கர்கள் 1930களிலேயே கவனித்துவிட்டார்கள். வங்கக்கடலில் இன்னொரு சிக்கல், கங்கை, பிரம்மபுத்திரா, ஐராவதி என்று பெரிய ஆறுகள் கொண்டுவந்து கொட்டும் நல்ல தண்ணீர். உப்பு குறைந்த அந்த நீர் மேலே பரவிக் கிடப்பதால் அடுக்குக்குள் அடுக்கு. அட்லாண்டிக்கில் சோதித்த சோனாரை அப்படியே வாங்கி மாட்டினால் வேலைக்கு ஆகாது.

அதற்குத்தான் காதையே அந்த அடுக்குக்குக் கீழே இறக்க வேண்டியிருக்கிறது. பின்தளத்திலிருந்து நீளமான கேபிளில் இழுக்கும் சோனார் ஒன்று. பறந்துபோய் ஓரிடத்தில் நின்று கயிற்றில் சோனாரை முக்கி எடுக்கும் ஹெலிகாப்டர் இன்னொன்று. இரண்டும் பின்பக்கத்துச் சமாச்சாரம். ஹெலிகாப்டர் கேரியரில் இருக்கிறதே என்பான் நம்ம ஆள். ஹெலிகாப்டருக்கு எண்ணெயும் நேரமும் கணக்கு. விக்ராந்திலிருந்து கிளம்பி முன்னால் ஐம்பது கிலோமீட்டர் போய்த் திரும்புவதற்கே அதில் ஒரு பங்கு ஓடிவிடும். முன்னால் நிற்கிற கப்பலிலேயே இரண்டு மூன்று ஹெலிகாப்டர் இருந்தால்தான் ஒன்று மாற்றி ஒன்று எந்நேரமும் வானத்தில் இருக்கும். நீர்மூழ்கி வேட்டைக்கு 24 எம்ஹெச்-60ஆர் ஹெலிகாப்டர் வாங்க 2020-ல் ஒப்பந்தம் போட்டு, 2024 மார்ச்சில் கொச்சியில் முதல் படைப்பிரிவைத் தொடங்கினோம். அதுவரை கிழட்டு சீ கிங் ஹெலிகாப்டரை வைத்து ஓட்டினோம் என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் எரிச்சல்தான்.

வேகத்தைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். கேரியர் 28 நாட் ஓடினால் காவல் கப்பலுக்கும் 28 போதும் என்று நினைப்பார்கள். போதாது. வேகமாக ஓடும் கப்பலுக்குத் தன் சத்தமே காதை அடைக்கும். அதனால் காவல் கப்பல் முன்னால் பாய்ந்து ஓடி, அங்கே வேகத்தைக் குறைத்துக் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டு, பிறகு மறுபடி பாய வேண்டும். கேரியரைவிடக் கொஞ்சம் கூடுதல் வேகம் இல்லாமல் இது நடக்காது. ஆனால் 20 நாட்டிலிருந்து 30-க்குப் போக மூன்று மடங்குக்கு மேல் சக்தி கேட்கும். ஆகவே என் கப்பலில் பாய்ச்சலுக்கு கேஸ் டர்பைன், மெதுவாகப் போகும்போது மின்மோட்டார். பிரிட்டனின் டைப் 23 இப்படித்தான், டீசல் ஜெனரேட்டர்களை அதிர்வு தாங்கிகளின் மேல் வைத்துச் சத்தமில்லாமல் மின்சாரத்தில் போகும்.

சரி, வானத்திலிருந்து வரும் ஆபத்து? அதற்கு உதாரணம் தேடி பசிபிக் வரை போகவேண்டாம். விமானம்தாங்கியாகவே திட்டமிட்டு உலகில் முதலில் வடிவமைத்த கப்பல் பிரிட்டனின் ஹெர்மிஸ். 1942 ஏப்ரல் 9-ல் மட்டக்களப்புக்கு அப்பால் ஜப்பானிய விமானங்கள் அதை மூழ்கடித்தன. கூடப் போனது வேம்பயர் என்ற ஒரே ஒரு டெஸ்ட்ராயர், அதுவும் மூழ்கியது. பர்மாவிலிருந்து நம் ஊர்க்காரர்கள் கடையையும் கணக்கையும் விட்டுவிட்டு நடந்தும் கப்பலேறியும் வந்துகொண்டிருந்த அதே காலம். அன்று ஹெர்மிஸில் ஒரு விமானம்கூட இல்லை என்பதையும் சேர்த்துத்தான் படிக்கவேண்டும்.

இன்று வருவது ஏவுகணை. 25 மீட்டர் உயரத்தில் ரேடார் இருந்து, கடலுக்கு 5 மீட்டர் மேலே ஏவுகணை உரசிக்கொண்டு வந்தால், பூமியின் வளைவு காரணமாக அது கண்ணில் படுவதே சுமார் 30 கிலோமீட்டரில். ஒலியைவிடக் கொஞ்சம் மெதுவாக வருகிற ஏவுகணைக்கு அது 100 நொடி. ஒலியைப்போல இரண்டரை மடங்கில் வந்தால் 35 நொடிக்கு மேல் கிடைக்காது. ரேடாரை இன்னும் 11 மீட்டர் தூக்கிவைத்தாலும் கூடுவது நாலு கிலோமீட்டர்தான், கப்பலோ தலைகனத்துத் தள்ளாடும். இந்த நொடிக்கணக்கை 128 குழாய் மாற்றாது. மாற்றுவது உயரத்தில் பறக்கிற ரேடார். 1982 மே 4-ல் ஷெஃபீல்ட் டெஸ்ட்ராயரை எக்ஸோசெட் ஏவுகணை தாக்கியபிறகுதான் பிரிட்டிஷ்காரர்கள் அடித்துப் பிடித்து சீ கிங் ஹெலிகாப்டரில் ரேடாரைக் கட்டினார்கள். நம்மிடம் அப்படி ரேடார் சுமக்கும் கா-31 ஹெலிகாப்டர் உண்டு. பார்த்தீர்களா, வானத்து ஆபத்தும் நம்மைத் திரும்ப ஹேங்கருக்குத்தான் கொண்டுவந்து விடுகிறது.

மாப்பிள்ளை பக்கம் இருக்கும் ஒரே நல்ல வாதம் செங்கடல். 2023 கடைசியிலிருந்து யேமனின் ஹூதிகள் அனுப்பிய மலிவு ட்ரோன்களை அமெரிக்கக் கப்பல்கள் விலை உயர்ந்த ஏவுகணையால் சுட்டன, காலியான குழாயை நிரப்பத் துறைமுகத்துக்குப் போகவேண்டியிருந்தது. கடலிலேயே நிரப்பும் முறையை 2024 அக்டோபரில்தான் சோதித்துப் பார்த்தார்கள். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதற்கு விடை நல்ல பீரங்கியும், எதிரிக் கருவியைக் குழப்பும் மின்னணுச் சாதனமும்தான். ட்ரோனுக்குப் போய் பராக்-8 வான்காப்பு ஏவுகணையை விடுகிறவன் ரொம்ப நாள் சண்டை போடமாட்டான்.

மின்சாரமும் குளிர்ச்சியும்தான் அடுத்த தலைவலி. பிரிட்டனின் டைப் 45 டெஸ்ட்ராயர் காகிதத்தில் அருமையான கப்பல். அதன் டபிள்யூஆர்-21 டர்பைனின் குளிர்விப்பான் வெதுவெதுப்பான கடலில் திணறியது, மொத்தக் கப்பலும் இருண்டுபோய் நின்றது. இப்போது ஒவ்வொரு கப்பலிலும் இரண்டு டீசல் ஜெனரேட்டரைக் கழற்றி, பெரிதாக மூன்றை வைக்கிறார்கள். ஏப்ரல் மே மாதத்தில் வங்கக்கடலின் மேல்நீரே 30 டிகிரியைத் தாண்டும். தேவைக்கு மேல் பாதி மடங்கு கூடுதல் மின்சாரமும் குளிரூட்டலும் இல்லாத எந்த வரைபடத்தையும் நான் திருப்பி அனுப்பிவிடுவேன்.

துருவைப் பற்றி காரைக்குடிக்காரன் பேசாமல் யார் பேசுவது? அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948-ல் நேரு அடிக்கல் நாட்டி, 1953 ஜனவரி 14-ல் திறந்த சிக்ரி, அதாவது மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம், நம்மூரில்தான் இருக்கிறது. உப்புக்காற்றில் உலோகத்தை வைத்துப் பார்க்க மண்டபத்தில் அவர்களுக்கு ஒரு நிலையம் உண்டு. கப்பலின் உடல் எஃகு, சுழலி (ப்ரொப்பெல்லர்) வெண்கலக் கலவை, நடுவில் உப்புநீர். அதாவது கப்பலே ஒரு பேட்டரி, கரைவது எஃகு. அதைத் தடுக்கத் துத்தநாகக் கட்டியை ஒட்டுவார்கள், அல்லது எதிர்மின்னோட்டம் கொடுப்பார்கள். சங்கடம் என்னவென்றால், அந்த மின்னோட்டம் சுழலும் தண்டின் வழியாகத் திரும்பும்போது ஏறி இறங்கி, தண்ணீருக்குள் ஒரு மின்புலத் துடிப்பை உண்டாக்கும். நல்ல கடல் கண்ணிவெடி அதையும் கேட்கும். எவ்வளவு சத்தமில்லாமல் ஓடினாலும் துருத்தடுப்பே காட்டிக்கொடுத்துவிடும். தண்டை ஒழுங்காக எர்த் செய்யும் கருவி வேண்டும். ஏவுகணைப் பட்டியல் போடுகிற ஒருவரும் இதைப் பேசி நான் பார்த்ததில்லை.

உள்ளமைப்பு பற்றி நீட்டவில்லை. நம் ஊர் வீட்டில் முகப்பில் நின்றால் வளவு, இரண்டாம் கட்டு எல்லாம் தாண்டிப் பின்வாசல்வரை ஒரே நேராகத் தெரியும், காற்றும் அப்படியே வரும். போர்க்கப்பலில் அது கூடவே கூடாது. ஷெஃபீல்டில் தீயணைப்புக் குழாய் அறுந்து, புகை பரவி, அணைக்கமுடியாமல் கைவிட்டார்கள். தடுப்புச்சுவர், தனித்தனி தீயணைப்புக் குழாய்வழி, ஒன்றுக்கொன்று தள்ளிவைத்த ஜெனரேட்டர் அறைகள். இடம் தின்னும், தின்னட்டும்.

கூட்டிப் பார்த்தால் என் கப்பல் 8,500 டன் பக்கம் வரும். விசாகப்பட்டினம் வகை டெஸ்ட்ராயர்களைவிட ஆயிரம் டன் கூட. அவற்றில் பராக்-8 32, எதிரிக் கப்பலை அடிக்கும் பிரம்மோஸ் ஏவுகணை 16. நான் பராக்கை 48 ஆக்கிவிட்டு, பிரம்மோஸை எட்டாகக் குறைப்பேன். கேட்டவுடன் மாப்பிள்ளைக்கு முகம் சுருங்கிவிட்டது. எதிரிக் கப்பலை அடிக்கத்தானே கேரியரே போகிறது? 2025 ஏப்ரலில் 26 ரஃபேல்-எம் விமானங்களுக்கு ஒப்பந்தம் போட்டது எதற்கு? மிச்சமான இடத்தில் மூன்று ஹெலிகாப்டர் நிற்கும்.

பிரம்மோஸைக் குறைத்தவன் தேசத்துரோகி என்று கீழே எழுத வருகிறவர்கள் தாராளமாக எழுதுங்கள். கூடவே, திரும்பச் சேர்க்கும் எட்டுக்கு ஈடாக எந்த எடையைக் கழிப்பீர்கள் என்பதையும் டன் கணக்கில் எழுதவேண்டும்.