செங்கம் கணவாயில் சோறு

வேலூர்ப் பக்கத்தில் செங்கம் கணவாயைப் பற்றிப் பேச்செடுத்தால், ஹைதர் அலி படையோடு வந்த வழி என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. பழைய வடஆற்காடு மாவட்டத்தின் தென்மேற்கு மூலையில், ஜவ்வாது மலையின் தெற்கோரமாகச் சிங்காரப்பேட்டையிலிருந்து செங்கத்துக்கு வரும் இந்த இடைவெளி, பாரமகாலை, அதாவது இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்தை, ஆற்காட்டுச் சமவெளியோடு சேர்ப்பது. 1767இலும் 1780இலும் ஹைதர் இவ்வழியே வந்தது உண்மைதான். ஆனாலும் ஒரு வழியின் வரலாற்றைப் படைகளை மட்டும் வைத்து எழுதுவது, ஒரு வீட்டின் கதையைத் திருடன் புகுந்த நாளை வைத்து எழுதுவது போன்றது என்பேன்.

1767 செப்டம்பர் 3ஆம் தேதி இங்கே நடந்த சண்டையில் கர்னல் ஜோசப் ஸ்மித்தின் கும்பினிப் படை, அதாவது ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படை, வென்றது. வென்றவர்களிடம் அரிசி இல்லை. அங்கே தங்க வழியின்றித் திருவண்ணாமலைக்கு நடந்தார்கள்.

சங்கப் பாட்டான மலைபடுகடாமை நான் நினைத்துக்கொள்வது இந்த இடத்தில்தான். கணவாயைப் பெயர் சொல்லிப் பாடாவிட்டாலும், செங்கண்மாவில், அதாவது இந்தச் செங்கத்தில், இருந்த குறுநில மன்னன் நன்னனிடம் பரிசில் பெற்றுத் திரும்பும் ஒருவன், எதிரே வரும் கூத்தர்களுக்கு இதே மலைநாட்டின் வழியைச் சொல்வதாக அமைந்த 583 அடிப் பாட்டு அது. காட்டுப்பன்றிக்காக வைத்த கற்பொறிகள் உண்டு, பாறை வழுக்கும், பாம்பு கிடக்கும் என்று எச்சரிப்பவன், சிற்றூர்களில் நெய்யில் வெந்த இறைச்சியோடு 'இறடிப் பொம்மல் பெறுகுவிர்' என்கிறான். இறடி என்பது தினை, பொம்மல் என்பது சோறு. முன்பின் தெரியாதவர்களின் வயிற்றைக் குடிசைக்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று அவனால் உறுதியாகச் சொல்ல முடிந்திருக்கிறது. பாதை பிரியும் இடங்களில், பின்னால் வருகிறவர்களுக்கு அடையாளமாகப் புல்லை முடிந்து வைக்கவும் சொல்கிறான். (கைகாட்டி மரத்தை நம்பி வழி தவறிய அனுபவம் எனக்கு உண்டு, புல் முடிச்சே மேல்.)

அந்தக் கவலைகளில், அதாவது பிரியும் வழிகளில், நடுகற்கள் மிகப் பல என்றும் பாட்டு சொல்கிறது. பழைய செங்கம் வட்டமெங்கும் பல்லவர் காலத்து நடுகற்கள் கிடைத்திருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை அரசர்களுக்கு நட்டவை அல்ல. தொறு, அதாவது கவர்ந்துபோன கால்நடைகளை, மீட்கப் போய் மாண்டவர்களுக்கு நட்டவை. எடத்தனூர்க் கல் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. எருமைகளைக் காத்து இறந்த கருந்தேவகத்தி என்பவனுக்கு எடுத்தது. வில்லேந்தி நிற்கும் அவன் அருகில் ஒரு நாயையும் செதுக்கி, கோவிவன் என்னும் அந்த நாய் இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காத்து நின்றது என்று தனியாக எழுதி வைத்திருக்கிறார்கள்.