டெல்ஃப் முடித்தால் கனடா புள்ளி வராது

"சேலத்துப் பிள்ளைகளே, ஸ்பானிஷ் ஸ்பெயினுக்கு மட்டும்தான்; பிரெஞ்சு மொழித் தேர்வான டெல்ஃபில் பி2 நிலை முடித்தால் கனடா பிஆருக்குப் (நிரந்தரக் குடியிருப்பு) புள்ளி" என்று ஒருவர் இணையத்தில் எழுதியிருக்கிறார். பாதிதான் சரி. புள்ளி பார்த்து பிஆருக்கு ஆள் எடுக்கும் கனடாவின் எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறையில் பிரெஞ்சுக்குக் கூடுதலாக 50 புள்ளி வரை உண்டு. ஆனால் டெல்ஃபைக் கணக்கில் எடுக்கமாட்டார்கள். டெஃப் கனடா அல்லது டிசிஎஃப் கனடா என்ற பிரெஞ்சுத் தேர்வை எழுத வேண்டும். கேட்டல், பேசுதல், வாசித்தல், எழுதுதல் நான்கிலும் கனடாவின் பிரெஞ்சு அளவுகோலில் நிலை 7 வேண்டும். அந்த முடிவும் 2 ஆண்டுதான் செல்லும். ஐந்து ரோடு பக்கம் பி2 வகுப்புக்குப் பணம் கட்டிய என் தங்கையிடம் இதை யாரும் சொல்லவில்லை.

அப்புறம், ஸ்பானிஷ் ஸ்பெயினுக்கு மட்டும் இல்லை; மெக்சிகோ, அர்ஜென்டினா உட்பட 20 நாடுகளில் ஆட்சிமொழி. பெரும்பாலும் எழுதியபடியே வாசிக்கலாம். பிரெஞ்சில் கடைசி எழுத்துகள் பல உச்சரிப்பில்லாமல் சும்மா உட்கார்ந்திருக்கும்!