கேமரா ஸ்விட்சில் வைஃபை 6 மாட்டாதீர்கள்

சின்ன அலுவலகம், டியூஷன் சென்டர், லாட்ஜ் என்று எல்லா இடத்திலும் இப்போது வைஃபை 6 மாட்டுகிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் ஆக்சஸ் பாயின்ட்டுக்கு (வைஃபை சிக்னலைப் பரப்பும் பெட்டி) ஆயிரக்கணக்கில் செலவழிப்பவர்கள், அதன் கேபிள் போய்ச் சேரும் நெட்வொர்க் ஸ்விட்சின் (பல நெட் கேபிள்களை இணைக்கும் பெட்டி) போர்ட்டைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. கேமராவுக்கு வாங்கிய பழைய பிஓஇ ஸ்விட்ச் (நெட் கேபிளிலேயே கரண்டும் அனுப்புவது) ஒன்று மூலையில் இருக்கும். "இதுலயே செருகிடலாம் சார், கரண்டும் இதுலயே வந்துடும்" என்று மாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். இது எனக்கு உண்மையிலேயே கோபம் வரவைக்கிற வேலை.

அப்படிப்பட்ட மலிவு ஸ்விட்சுகள் பலவற்றில் கேமரா போர்ட்டின் வேகம் நொடிக்கு 100 மெகாபிட்தான். கேமராவுக்கு அது தாராளம். அதிலேயே வைஃபை 6-ஐ மாட்டினால் போனில் லிங்க் ஸ்பீடு 1201 என்று காட்டும், ஸ்பீடு டெஸ்ட் 95-ஐத் தாண்டாது. பெரிய பிளான் போட்டும் 94, 95-லேயே நின்றால் நெட் கம்பெனியைத் திட்டுவதற்கு முன் ஸ்விட்சைப் பாருங்கள்.

ஜிகாபிட் (1000 மெகாபிட்) ஸ்விட்சிலும் கேபிள் சரியில்லாவிட்டால் இதே 94 வரும். ஜிகாபிட்டுக்குக் கேபிளின் நாலு ஜோடிக் கம்பியும் வேண்டும், 100-க்கு இரண்டு ஜோடி போதும். கிரிம்பிங்கில் (கேபிள் முனையில் பிளக் மாட்டும்போது) ஒரு ஜோடி சரியாகப் படியாவிட்டால் பல கருவிகள் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். ஒரு விடுதியில் ஒரே கேபிளைப் பிரித்து, இரண்டு ஜோடியில் கேமராவும் மீதி இரண்டில் ஆக்சஸ் பாயின்ட்டும் ஓட்டியிருந்தார்கள். அதில் எந்த ஸ்விட்ச் வாங்கி மாட்டினாலும் 100-தான்.

அப்புறம் நேர் எதிர்க் கூத்து: எல்லாப் போர்ட்டும் 2.5 ஜிகாபிட் வேண்டும் என்று கொட்டேஷன் போடுவது. ஆக்சஸ் பாயின்ட் பெட்டியில் போட்டிருக்கும் 3000 என்பது 2.4 ஜிகாஹெர்ட்ஸ் ரேடியோவின் 574 மெகாபிட்டையும் 5 ஜிகாஹெர்ட்ஸ் ரேடியோவின் 2402 மெகாபிட்டையும் கூட்டி, முழு எண்ணாக்கிப் போட்ட கணக்கு. அந்த 2402-க்கு 160 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள சேனல் (சிக்னல் போகும் அலைவரிசைப் பாதை) வேண்டும், போனும் அதற்கு ஒத்துழைக்க வேண்டும். ஒரே மாடியில் பத்து ஆக்சஸ் பாயின்ட் இருந்தால் ஒன்றுக்கொன்று இடிக்காமலிருக்க 40 மெகாஹெர்ட்ஸ்தான் வைப்போம். இரண்டு ஆன்டெனா கருவிக்கு அதில் உச்சம் 574, கைக்கு வருவது அதிலும் அறுபது, எழுபது சதவீதம். 2.4 ரேடியோவைச் சேர்த்தாலும் ஜிகாபிட் போர்ட் நிரம்பாது. அந்தப் பணத்தை அப்லிங்கில் (ஸ்விட்சிலிருந்து வெளியே போகும் இணைப்பு) போடுங்கள். 24 போர்ட்டும் ஒரே ஒரு ஜிகாபிட் வழியாக வெளியேறினால் நெரிசல் அங்கேதான்.

கல்யாண வீடியோ எடிட் செய்பவர்கள் மாதிரி, உள்ளேயே பெரிய ஃபைல்களை வைஃபையில் நகர்த்துபவர்களுக்கு 2.5 நிச்சயம் தேவை. 2016-ல் வந்த அந்தத் தரம் கேட் 5இ கேபிளிலேயே 100 மீட்டர் வரை ஓடும் என்பதால், கேபிள் நன்றாக இருந்தால் சுவரை உடைக்க வேண்டியதில்லை. ஆனால் வாட்ஸ் கணக்கைப் பார்த்துவிடுங்கள். 30 வாட்ஸ் போர்ட் கேட்கும் ஆக்சஸ் பாயின்ட்டை 15.4 வாட்ஸ் போர்ட்டில் செருகினால், சில மாடல்கள் ரேடியோவைக் குறைத்துக்கொண்டுதான் ஓடும். லைட் மட்டும் பச்சையாகவே எரியும்.