நகல்தானே என்று தள்ளிவிடாதீர்கள்

அரிய நூல் விற்பனைப் பட்டியல்களைப் புரட்டுவது எனக்கொரு கெட்ட பழக்கம். வாங்க வக்கில்லை, பார்க்க என்ன காசா? போன வாரம் ஒன்று கண்ணில் பட்டது. 17ஆம் நூற்றாண்டுத் தூதர்கள் தங்கள் அரசுக்கு எழுதிய கடிதங்கள், அக்காலத்திலேயே யாரோ பார்த்து எழுதிய கையெழுத்துப் படி, தடித்த ஒரே தொகுதி. நண்பருக்கு அனுப்பினேன். “ஒரிஜினல் இல்லையா? வெறும் நகலா?” என்று முடித்துவிட்டார்.

அந்த ‘வெறும்’தான் எனக்கு உறுத்துகிறது.

தூதர் அனுப்பிய மூலக் கடிதத்தைக் கையில் எடுத்தால், முக்கியமான இடங்கள் பல சமயம் எண்களாகத்தான் இருக்கும். எல்லாம் சங்கேதம். சேர வேண்டிய இடத்தில் ஓர் எழுத்தர் உட்கார்ந்து அதை அவிழ்த்து எழுதிய பிறகுதான் அமைச்சரே படிக்க முடியும். அப்படியானால் எது உயர்ந்தது?

அன்று தனிக் குடியரசாக இருந்த வெனிஸின் கதை இன்னும் சுவாரசியம். நாடு திரும்பிய தூதர், தான் இருந்த நாட்டின் அரசன், படை, கஜானா எல்லாவற்றையும் பற்றிச் செனட்டில் அறிக்கை படிக்க வேண்டும். அது ரகசியம், பூட்டி வைத்தார்கள். ஆனால் படிகள் கசிந்தன, விலைக்கும் போயின, ஐரோப்பாவின் பிரபுக்கள் வீட்டு அலமாரிகளில் போய் உட்கார்ந்தன. 1820களில் ராங்கே என்ற ஜெர்மன் வரலாற்றாசிரியர் பெர்லின் அரச நூலகத்தில் கட்டுக்கட்டாகக் கண்டெடுத்தது இந்தப் படிகளைத்தான். மூல ஆவணத்தைப் பார்த்து எழுதுவதே வரலாறு என்று பெயரெடுத்த மனிதர்! அவர் சாய்ந்து நின்றது நகல்கள் மேல்.

சரி, ‘எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான்’ என்பதும் உண்மைதான். ஊர்ப்பெயர் சிதையும், வரி விடுபடும். ஆனால் அந்தப் பிழைகளை ஒப்பிட்டுத்தான் எந்தப் படியிலிருந்து எந்தப் படி பிறந்தது என்றே கண்டுபிடிக்கிறார்கள்.

பட்டியலின் மூன்றாவது படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பக்கத்தின் கீழ் மூலையில், அடுத்த பக்கத்தின் முதல் சொல் மட்டும் தனியாக. தாள் மாறிவிடாமல் இருக்க அன்றைய ஏற்பாடு. நடுவில் கையெழுத்தே மாறுகிறது. முதல் ஆள் நிதானம், இரண்டாமவர் அவசரம். மை அழுத்தி விழுந்த இடங்களில் தாள் பழுப்பேறி அரித்திருக்கிறது. மாசிக்காயும் இரும்பு உப்பும் சேர்த்த மை அப்படித்தான், எழுதியதையே மெல்லத் தின்னும்.

இன்னொன்று. அரசு ஆவணக்காப்பகத்தில் இருக்க வேண்டிய மூலக் கடிதம் சந்தைக்கு வந்தால், எப்படி வெளியே வந்தது என்று முதலில் கேட்க வேண்டும். படிக்கு அந்தச் சிக்கல் குறைவு, அது பிறந்ததே பெரும்பாலும் தனியார் அலமாரிக்காக. என்றாலும் கைமாறிய வரலாற்றைக் கேட்காமல் வாங்கக் கூடாது.

விற்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. தாமஸ் பிலிப்ஸ் என்ற ஆங்கிலேயச் சேகரிப்பாளர் சுமார் 60,000 கையெழுத்துப் பிரதிகள் சேர்த்தார். 1872இல் அவர் இறந்த பிறகு, நூறு ஆண்டுக்கு மேல் விற்றுத் தீர்த்தார்கள். ராங்கேயின் சேகரிப்பே அமெரிக்காவின் சிரக்யூஸ் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டது. போகட்டும். ஆனால் தொகுதியைப் பிரித்துத் தாள் தாளாக விற்பதை மன்னிக்கவே முடியாது. விற்பதற்கு முன் முழுவதையும் ஸ்கேன் செய்து பொதுவில் வைத்தால் விலை குறைந்துவிடும் என்கிறார்கள். நான் நம்பவில்லை, பொருள் வேண்டுபவர் பொருளுக்குத்தான் காசு கொடுக்கிறார்.

நேற்று மறுபடி போய்ப் பார்த்தேன். விற்றுவிட்டது. படங்களையும் எடுத்துவிட்டார்கள். அந்த மூன்றாவது படத்தின் ஸ்கிரீன்ஷாட் மட்டும் என் போனில் இருக்கிறது, அதில் அடுத்த பக்கத்தின் முதல் சொல்லும்.