ஸ்டார்ம்ராக்கை இப்போது வாங்கலாமா?

தங்கச்சிமடத்துத் தம்பி ஒருவன் போனில் கேட்டான்: "அண்ணே, ஸ்டார்ம்ராக் ஹார்ட்கவர் ஒண்ணு செகண்ட் ஹேண்ட்ல வருது. வாங்கிறவா, விட்டுறவா? இருபது வருசப் பழசுண்ணே." ஸ்டார்ம்ராக் என்பது ஒரு பகடை ஆட்டத்துக்கான கடல் புத்தகம். ஹார்ட்கவர் வேண்டாம், பிடிஎஃப் வாங்கு என்றேன். அதற்கான காரணம் நம் கரையில் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (டி அண்ட் டி) ஆடும் மற்றவர்களுக்கும் உதவும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

இந்த ஆட்டம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் அமெரிக்காவில் வெளியிட்டது டி அண்ட் டி. ஒருவர் கதையை நடத்துவார், மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி நடந்துகொள்வார்கள், என்ன ஆகும் என்று தெரியாத இடத்தில் இருபது முகப் பகடையை உருட்டுவார்கள். அடிப்படை விதிகளுக்கு மேல், ஏதாவது ஒரு பொருளை மட்டும் எடுத்து விரித்து எழுதும் துணைப் புத்தகத்துக்கு சோர்ஸ்புக் என்று பெயர். பனிப் பிரதேசத்துக்கு ஃப்ராஸ்ட்பர்ன், பாலைவனத்துக்கு சாண்ட்ஸ்டார்ம் என்று வந்த வரிசையில் கடலுக்கென்று 2005இல் வந்தது ஸ்டார்ம்ராக். எழுதியவர்கள் ரிச்சர்ட் பேக்கர், ஜோசப் கேரிக்கர், ஜெனிஃபர் கிளார்க் வில்க்ஸ். அது 3.5 எடிஷனுக்கான, அதாவது ஆட்ட விதிகளின் அப்போதைய பதிப்புக்கான புத்தகம். அப்புறம் 2008இல் நான்காம் எடிஷன், 2014இல் ஐந்தாம் எடிஷன், 2024இல் அதற்கொரு திருத்தம் என்று ஆட்டம் எங்கேயோ போய்விட்டது. ராமநாதபுரம் பக்கம் எனக்குத் தெரிந்த எல்லாரும் ஐந்தாம் எடிஷன்தான் ஆடுகிறார்கள்.

பழைய சோர்ஸ்புக்கைக் கையில் எடுத்தால் நான் முதலில் பார்ப்பது ஒன்றுதான்: இதில் எவ்வளவு பக்கம் அந்த எடிஷனின் கணக்கு, எவ்வளவு பக்கம் பொருளைப் பற்றிய விஷயம்? கணக்கு எடிஷனோடு சேர்ந்து செத்துவிடும். விஷயம் நிற்கும்.

ஸ்டார்ம்ராக்கில் செத்துப்போன பங்கு கணிசமானது. லெஜண்டரி கேப்டன், ஸ்கார்லெட் கோர்செய்ர் மாதிரி பிரஸ்டீஜ் கிளாஸ்கள், அதாவது குறிப்பிட்ட தகுதி வந்த பாத்திரம் மட்டும் சேரக்கூடிய சிறப்புத் தொழில்கள், நிறைய உண்டு. ஐந்தாம் எடிஷனில் அந்த ஏற்பாடே கிடையாது. ஃபீட் எனப்படும் தனித் திறன்களும் அப்படியே பொருந்தாது. எண்களும் இடிக்கும். பகடையில் விழுந்ததோடு பாத்திரத்தின் கூட்டலையும் சேர்த்து இலக்கு எண்ணைத் தொட்டால்தான் காரியம் நடக்கும். 3.5இல் பதினைந்தாம் லெவல் மாலுமிக்கு ஒரு திறமையில் பதினெட்டு ரேங்க் வரை ஏறும், அதற்கு மேல் உடல், அறிவு சார்ந்த கூட்டல் வேறு. அவருக்கு 30 என்ற இலக்கு கஷ்டமே இல்லை. ஐந்தாம் எடிஷனில் உச்சத்தில் இருப்பவருக்கே சாதாரணமாகத் திறமைக்கு 6ம், உடல் அல்லது அறிவுக்கு 5ம் சேர்ந்து 11தான். அதே 30ஐத் தொட 19 அல்லது 20 விழுந்தாக வேண்டும். பழைய புத்தகத்தின் எண்ணை அப்படியே எடுத்துப் போட்டால் ஆடுகிறவர்கள் கப்பலிலேயே ஏற முடியாது. நான் பழைய இலக்குகளை எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்து 10, 15, 20 என மாற்றிக்கொள்வேன். அது ஒரு மாலை வேலை, பெரிய விஷயமில்லை.

இப்போது எனக்குப் பிடித்த இடத்துக்கு வருகிறேன்: மூச்சு.

ஐந்தாம் எடிஷன் 2014 விதிப்படி, உடல் வலு சராசரியாக இருப்பவர் ஒரு நிமிடம் மூச்சடக்குவார். வலு 18 இருந்தால் ஐந்து நிமிடம். அந்த ஐந்து நிமிடமும் சுறாவோடு கட்டிப்புரண்டாலும் கணக்கு மாறாது. பெரியபட்டினத்திலும் கீழக்கரையிலும் சங்கு குளிக்கிறவர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், நம்ப மாட்டார்கள். தண்ணீருக்குள் சும்மா இருப்பது வேறு, வேலை செய்வது வேறு. அடியில் கை போட்டுத் துழாவி, சங்கைப் பிடுங்கிப் பையில் போடும்போது மூச்சு எப்படிக் கரையும் என்று அவர்களுக்குத் தெரியும்.

3.5 விதி இதைப் புரிந்துகொண்டு எழுதப்பட்டது. வலு எண்ணைப் போல இரண்டு மடங்கு சுற்றுகள் மூச்சு நிற்கும். ஒரு சுற்று என்பது ஆறு வினாடி. அதாவது வலு 10 உள்ள சராசரி ஆளுக்கு இரண்டு நிமிடம். ஆனால் வெறுமனே நீந்தினால்தான் அந்தக் கணக்கு. அடித்தாலோ, எதையாவது பிடுங்கினாலோ ஒவ்வொரு தடவையும் கூடுதலாக ஒரு சுற்று கழியும். சண்டை போட்டால் இரண்டு நிமிடம் ஒரு நிமிடமாகிவிடும். இந்த ஒரே விதியை எங்கள் ஆட்டத்தில் கொண்டுவந்ததும் நீருக்கடியில் நடக்கும் காட்சிகளே மாறிப்போயின. "இன்னொரு தடவை இழுத்துப் பாக்கவா, மேல போயிறவா" என்று ஒருவன் வாய்விட்டுக் கேட்டபோது பாயில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

ஆனால் வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டியது, இந்த விதி ஸ்டார்ம்ராக்கினுடையது இல்லை. 3.5இன் அடிப்படை விதி. அடிப்படை விதிகளை டி அண்ட் டியை வெளியிடும் நிறுவனமே திறந்த உரிமத்தில் வெளியிட்டிருப்பதால் இணையத்தில் காசில்லாமல் படிக்கலாம். ஆழத்தின் அழுத்தம் பற்றிய விதியும் அதிலேயே இருக்கிறது: ஒவ்வொரு 100 அடி ஆழத்துக்கும் நிமிடத்துக்கு ஓர் ஆறுமுகப் பகடை அளவு காயம். பாக் விரிகுடாவின் ஆழம் பெரும்பாலும் 15 மீட்டருக்குள் அடங்கிவிடும், அங்கே இந்த விதிக்கு வேலையே இல்லை என்பது தனிக்கதை. பழைய புத்தகம் எதையும் வாங்குவதற்கு முன், உங்களுக்குத் தேவையான பகுதி ஏற்கெனவே இலவசமாகக் கிடக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

சரி, ஸ்டார்ம்ராக்கில் மட்டுமே கிடைப்பது என்ன? கடலை ஒரு நிலப்பரப்பாகப் பிரித்துப் பார்க்கும் அத்தியாயம். கப்பல்களின் பட்டியல்: எது துடுப்பில் போகும், எது பாயில் போகும், எத்தனை ஆள் வேண்டும், எவ்வளவு சரக்கு ஏற்றலாம். அப்புறம் கடல்சார் இனங்கள். அவர்களில் டார்ஃபெல்லன் என்ற மக்களின் கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். கறுப்பும் வெள்ளையுமாக ஓர்க்கா திமிங்கிலத்தின் நிறம் கொண்டவர்கள், சஹுவாகின் என்ற மீன்மனித அரக்கர்களால் கிட்டத்தட்ட அழிக்கப்பட்டு மிஞ்சியவர்கள். கரையை இழந்த ஒரு கூட்டத்தின் கோபத்தை ஆடிப் பார்க்க அதைவிட நல்ல வாய்ப்பு ஐந்தாம் எடிஷனின் கடல் புத்தகத்தில் எனக்குக் கிடைக்கவில்லை.

ஐந்தாம் எடிஷனின் கடல் புத்தகம் என்று நான் சொல்வது 2019இல் வந்த கோஸ்ட்ஸ் ஆஃப் சால்ட்மார்ஷ். அதன் பின்னிணைப்பில் கப்பல் விதிகள் ஒழுங்காக இருக்கின்றன. கப்பலின் உடல், சுக்கான், பாய் ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சேதப்படுத்தலாம். மாலுமிகளின் மனநிலைக்கு ஓர் எண் உண்டு, அது இறங்கினால் கலகம் வரும். இந்தக் கலக விதி அருமை. புத்தகத்தின் பெரும்பகுதி ஆயத்தமான சாகசங்கள், அதில் மூன்று 1981 முதல் 1983 வரை வந்த பழைய சால்ட்மார்ஷ் சாகசங்களின் மறுபதிப்பு. உங்களிடம் எந்தக் கடல் புத்தகமும் இல்லையென்றால் முதலில் இதைத்தான் வாங்க வேண்டும். இது இருந்தும் கடல் போதவில்லை என்று தோன்றினால்தான் ஸ்டார்ம்ராக்.

இரண்டு புத்தகத்திலும் இல்லாதது நம்மிடம் இருக்கிறது. பாம்பன்காரர்களுக்கு வடகடல், தென்கடல் என்று இரண்டு கடல். வாடைக் காற்று வீசும் மாதங்களில் வடகடல் கொந்தளிக்கும், தென்கடல் அடங்கும். கச்சான், அதாவது தென்மேற்குக் காற்று, கிளம்பினால் நிலைமை தலைகீழ். ஒரே தீவு, ஒரே ஊர், ஆனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை தொழில் பார்க்கும் கடலே மாறுகிறது. இதை அப்படியே ஒரு கற்பனைத் துறைமுகத்துக்கு எடுத்துப் போட்டேன். நடுவில் குறுகலான வாய்க்கால், அதைக் கடக்க வழிகாட்டி வேண்டும், அந்த வழிகாட்டிகள் ஒரே குடும்பம், அவர்களோடு பகைத்தால் அரை வருடம் பட்டினி. கதை தானாக ஓடியது. வில்லனைத் தேட வேண்டிய அவசியமே வரவில்லை.

புதையலுக்கும் வெளியே போக வேண்டாம். வைகை கடலில் சேரும் இடத்தில் அழகன்குளம் இருக்கிறது. அங்கே தோண்டியபோது ரோமானிய நாணயங்களும், கப்பல் வரைந்த பானை ஓடும் கிடைத்தன. பெரியபட்டினத்தில் சீனப் பீங்கான் ஓடுகள். இந்த இரண்டையும் வைத்தே எத்தனையோ இரவு ஆடலாம். அதனால்தான் சொல்கிறேன், புத்தகத்திடம் நாம் வாங்க வேண்டியது கடலின் உணர்வை அல்ல, அது நம் வாசலில் கிடக்கிறது. கடலை ஆட்டமாக மாற்றும் முறையை மட்டும் வாங்கினால் போதும்.

ஹார்ட்கவர் ஏன் வேண்டாம் என்பதற்கு வருகிறேன். வழவழப்பான கனத்த தாளில் அச்சான புத்தகங்களை இந்தக் கரையில் வைத்திருப்பது பாடு. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பிரித்தால் எழுத்து ஒரு பக்கமும் தாள் ஒரு பக்கமுமாகக் கையோடு வரும். அலமாரியில் சுவரை ஒட்டி வைத்தால் அட்டையின் பின்பக்கம் பூசணம். செகண்ட் ஹேண்டில் வாங்கும்போது விற்கிறவரிடம் அட்டைப் படத்தோடு, முதுகுப் பக்கத்தையும் நடுப் பக்கத்தையும் விரித்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். தயங்குகிறவரிடம் வாங்காதீர்கள். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் தபால் செலவு புத்தக விலையைத் தாண்டிவிடலாம். 2019 பட்ஜெட்டிலிருந்து இறக்குமதியாகும் அச்சுப் புத்தகத்துக்கு 5 சதவீதம் சுங்கவரி வேறு விதித்தார்கள். இத்தனையும் கொடுத்து, பாதிப் பக்கம் ஆட முடியாத புத்தகத்தை வாங்குவது, மாதச் சம்பளத்தை எண்ணிச் செலவழிக்கும் நம் மாதிரி ஆட்களுக்கு நியாயமில்லை. சேகரிப்பவர்கள் வாங்கட்டும், அந்த ஆசை எனக்குப் புரிகிறது. ஆடுகிறவர்களுக்கு பிடிஎஃப் போதும். கப்பல் பட்டியலையும் கடலைப் பிரித்துப் பார்க்கும் அத்தியாயத்தையும் மட்டும் பிரிண்ட் எடுத்து ஸ்பைரல் போட்டுக்கொண்டால், டீ சிந்தினாலும் கவலையில்லை.

விதிவிலக்கு ஒன்று உண்டு. நீங்கள் இன்னும் 3.5தான் ஆடுகிறீர்கள், அல்லது அதன் மேல் கட்டப்பட்ட பாத்ஃபைண்டர் என்ற வேறொரு ஆட்டத்தின் முதல் எடிஷன் ஆடுகிறீர்கள் என்றால் நான் மேலே செத்துப்போனது என்று சொன்ன பக்கங்கள் எல்லாம் உங்களுக்கு உயிரோடு இருக்கின்றன. நல்ல நிலையில் கிடைத்தால் யோசிக்காமல் வாங்குங்கள்.

விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் ஏப்ரல் 15இல் தொடங்குகிறது. அந்த 61 நாளும் தம்பி கரையில்தான் இருப்பான், எங்கள் ஆட்டமும் அப்போதுதான் சூடு பிடிக்கும். ராமேஸ்வரம், மண்டபம், தொண்டி பக்கம் யாரிடமாவது சாண்ட்ஸ்டார்ம் இருந்தால் சொல்லுங்கள், நேரில் வந்து புரட்டிப் பார்த்துவிட்டுத் தருகிறேன். செம்மணல் தேரிக்காட்டை வைத்து ஒரு கதை யோசித்துக்கொண்டிருக்கிறேன், சாண்ட்ஸ்டார்மை வாங்கலாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.